பங்களாவின் முன்வாசல்

திருவையாற்றுக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில் இருந்த மிராசுதார் பங்களா இப்போது ரிசார்ட். தஞ்சாவூர் பெரிய கோயிலைப் பார்க்க வருகிற பணக்காரர்கள் அங்கே தங்குவார்கள். நான் அறைகளைச் சுத்தம் செய்கிறேன்.

அப்பா அந்த மிராசுக்குப் பண்ணையாளாக இருந்தவர். அந்தக் காலத்தில் பண்ணையாட்கள் முன்வாசலை மிதிக்கக் கூடாது. கூலிக்காக மிராசுதாரை எதிர்த்துக் கொடி பிடித்த அப்பா, ரிசார்ட்டில் எனக்குச் சோறு கொண்டுவந்தால் மட்டும் கொல்லை வழியாகவே வருவார்.

"முன்னால வாங்கப்பா."

"காலு போவ மாட்டேங்குதும்மா" என்று சிரிப்பார்.

ஆடியில் இறந்துபோனார். இன்னும் கொல்லைக் கதவு சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

ஐப்பசியில் மேனேஜர், அம்மாவை ஒரு நாள் சாப்பிடக் கூட்டிவரச் சொன்னார். கூட்டிப்போனபோது அம்மாவும் கொல்லைப் பக்கமே திரும்பினாள். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"விடுடி, யாராச்சும் பாக்கப்போறாங்க."

"பாக்கட்டும். இன்னிக்கு நீ கெஸ்ட்டும்மா."

முன்வாசலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். "போட்டுக்கிட்டே வாங்க அத்தே, யாரும் புடுங்கிக்க மாட்டாங்க" என்றார் வாட்ச்மேன்.

வராந்தாவில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். எதிரே காவிரி கரைநிரம்பப் போனது.

"இங்கேருந்து பாத்தா ஆறு எவ்ளோ அகலம்! உங்கப்பனுக்குக் குடுத்துவைக்கல."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, காபி கேட்டாள்.