வயிற்றுக்குக் கொடுக்காத லீவு

வயிற்றுத் தசைகளுக்குக் கிழமையில் எத்தனை நாள் வேலை கொடுக்க வேண்டும் என்ற விஷயத்தில் பிழைவிட்டு நான் என் வீட்டை இழந்தேன். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நோர்வூட் ரோட்டிலிருந்து முப்பத்தெட்டுப் படி ஏறினால் என் வீடு. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்து, ஓய்வு பெற்றபோது கிடைத்த காசில் கட்டியது. போன வருஷம் மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எலும்பு ஒன்றும் முறியவில்லை. ஆனால் எழ முடியவில்லை. மனைவி ஹட்டனுக்குப் போயிருந்தாள். அவள் வரும்வரை ஈரத் தரையில் மல்லாந்து கிடந்து கூரைத் தகரத்தின் ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு ஆணி குறைந்தது. வீட்டைக் கட்டிய மேசன் பாஸ் அன்றைக்கே ஏமாற்றியிருக்கிறார்.

கொழும்புப் பக்கம் வத்தளையில் இருக்கும் மகனுக்குச் செய்தி போயிற்று. வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் தன்னோடு வந்துவிட வேண்டும் என்றான். நான் மாட்டேன் என்றேன். பல நாள் போனில் இழுபறி. கடைசியில் சொன்னான்:

"சரிப்பா. பொங்கலுக்கு வர்றேன். தரையில உக்காந்து, எதையும் புடிக்காம, யாரும் கை குடுக்காம எந்திரிச்சுக் காட்டுங்க. காட்டிட்டீங்கன்னா இந்தப் பேச்ச நான் எடுக்கவே மாட்டேன்."

மகன் தகப்பனுக்குப் பரீட்சை வைத்தான். ஒப்புக்கொண்டேன். வேறென்ன செய்வது?

டிக்கோயா ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் என்னைப் படுக்கவைத்து வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தாள். ஹட்டன் பஸாரில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. முதுகில் கோளாறு இல்லை, அதைத் தாங்க வேண்டிய வயிற்றில்தான் பலமில்லை என்றாள். மூன்று பயிற்சி காட்டினாள். மல்லாந்து படுத்துக் கையையும் காலையும் மாறி மாறி நீட்டுவது ஒன்று. தலையை மெதுவாகத் தூக்குவது ஒன்று. முழங்கையை ஊன்றிக் குப்புற நிற்பது ஒன்று.

"கிழமைக்கு மூணு நாள் போதுங்க ஐயா. ஒருநாள் விட்டு ஒருநாள். செய்யிற நாள்ல தசை களைக்கும், சும்மா இருக்கிற நாள்லதான் தேறும். அந்த நாளையும் மருந்துன்னே நெனச்சுக்குங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். நம்பவில்லை.

நம்ப முடியாது. நான் வேலை செய்த இடத்தில், வேலைக்கு வந்தால் அன்றைய பேர், அதாவது ஒருநாள் சம்பளம், விழும், வராவிட்டால் இல்லை. சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுக்காதவளுக்கு அரைப்பேர். ஞாயிறிலும் பௌர்ணமிக்கு வரும் போயா லீவிலும் வேலை செய்தால் ஒன்றரைப் பேர். சும்மா இருந்த நாளுக்கு யாரும் யாருக்கும் எதுவும் கொடுத்ததில்லை. முப்பத்தாறு வருஷம் மற்றவர்களுக்குப் பேர் போட்டவன் நான். எனக்கு மட்டும் கிழமையில் நாலு நாள் வெறுமனே விடுவேனா? தினமும் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மடங்கு செய்தேன்.

மனைவி விளக்குமாற்றோடு வந்து நின்று பார்ப்பாள்.

"கரப்பான் பூச்சி கவுந்து கெடக்கிற மாதிரியே இருக்கீங்க. என்னங்க, போயாவுக்குமா வேலைக்கு ஆள் எறக்கியிருக்கீங்க?"

முதலில் பலன் இருந்தது. கட்டில் காலைப் பிடித்து எழுந்தேன். பிறகு சுவரில் ஒரு கை வைத்து எழுந்தேன். மார்கழி பிறந்தபின் எல்லாம் தலைகீழாயிற்று. இருமினால் வயிறு இழுத்தது. தும்மலை அடக்கப் பழகினேன். வலித்தால் வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொண்டு இன்னும் கூட்டினேன். அந்தப் பிள்ளை சொன்னதென்ன, நீங்கள் செய்வதென்ன என்று மனைவி கேட்டாள். உனக்கு வத்தளைக்குப் போக ஆசை, அதனால்தான் என்னைச் சும்மா கிடக்கச் சொல்கிறாய் என்றேன். அதன்பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பொங்கலன்று மகன் குடும்பத்தோடு வந்தான். அன்று காலையிலும் நான் விடவில்லை. பரீட்சை நாள் என்று இன்னும் கொஞ்சம் கூடவே செய்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு முன்னறையில் பாய் விரித்தார்கள். உட்கார்ந்தேன். காலை மடித்து, உடம்பை முன்னால் சாய்த்து, எழப் பார்த்தேன். தொப்புளுக்குக் கீழே யாரோ முறுக்கிப் பிழிந்தது போல் பிடித்துக்கொண்டது. பக்கவாட்டில் சரிந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் திட்டியிருப்பேன். பரீட்சை அங்கேயே கலைந்து போயிருக்கும்.

"போதும்பா," என்று மகன் கை கொடுத்தான்.

காலையில் எத்தனை தடவை செய்தேன் என்று மனைவி கேட்டாள். சொன்னேன். அவள் குசினிக்குப் போய், மேல்தட்டில் இருந்த டின்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

இது எனக்குத் தெரியாத விஷயமா? ஒரு தேயிலை மலையில் கொழுந்தெடுத்தால் அடுத்த சுற்றுக்கு ஒரு கிழமையாவது விட வேண்டும். மறுநாளே ஆள் விட்டால் தளிர் கிடைக்காது, செடிதான் கெடும். அந்த முறை எங்கள் தோட்டத்தில் ஒரு நாளும் பிசகியதில்லை. செடிக்குக் கொடுத்த ஓய்வை அந்தத் தோட்டம் ஆளுக்குக் கொடுத்ததில்லை. நான் என் உடம்பை ஆளாக நினைத்தேன். செடியாக நினைத்திருந்தால் இன்றைக்கு என் வீட்டில் இருந்திருப்பேன்.

வத்தளையில் படி கிடையாது. தரை முழுக்கப் பளிங்கு மாதிரி ஓடு. இங்கே வந்தபிறகு அந்தப் பெண் சொன்னபடியே ஒருநாள் விட்டு ஒருநாள் செய்கிறேன். நாலாம் மாதம் எதையும் பிடிக்காமல் எழுந்தேன். மகனைக் கூப்பிட்டு இரண்டு தரம் எழுந்து காட்டினேன்.

"நல்லாருக்கீங்கப்பா," என்றான், போனைப் பார்த்தபடி.

நோர்வூட் வீட்டுக்கு வாடகைக்கு வந்தவர்கள் இரண்டு வருஷத்துக்கு எழுதி வாங்கியிருக்கிறார்கள். குளியலறைக்குப் புதுக் கூரை போட்டார்களாம்.

இன்று ஓய்வு நாள். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை.