பல் கூச்சம்

கடையில் அவளுக்குக் கூச்சக்காரி என்று பெயர். மாவு ஓட்டில் எலுமிச்சைக் கூழ் நிரப்பிச் சுட்ட டார்ட்டைத் தின்றவர்கள் செய்த ஆளைப் பார்க்கவேண்டும் என்று கேட்டால், மாவு மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். கல்யாணமாகி வந்த புதிதில் தட்டு கழுவத்தான் சேர்ந்தாள். ஒருநாள் எலுமிச்சைக் கூழ் அடுப்பில் திரியப் போனது. ஈரக் கையோடு ஓடிவந்து சட்டியைத் தூக்கிக் குளிர்ந்த தண்ணீரில் வைத்தாள். அதற்குப் பிறகு அடுப்பைவிட்டு அவளை யாரும் நகரவிடவில்லை.

பக்கத்து மேசையில் மாவு பிசைபவள் அவளுடைய நாத்தனார். வயதில் சின்னவள், வாயில் பெரியவள்.

“அண்ணி, அவன் சூடாயிட்டானா?”

“எந்த அவன்? உங்கண்ணனா?”

“அவரு சூடானா அது உங்க பாடு. நான் டார்ட் வேகுற அடுப்பு ‘அவனை’க் கேட்டேன்.”

காய்ச்சலில் படுத்து எழுந்து வந்த அன்று, அண்ணி கூழைக் கரண்டியால் தொட்டு நக்கிப் பார்த்து, “சரியா இருக்கு” என்றாள். நாத்தனாரும் கொஞ்சம் வாயில் போட்டாள். ஓடிப்போய்த் துப்பினாள்.

“ஐயோ, உப்பு! சர்க்கரைன்னு உப்பைக் கொட்டியிருக்கீங்க!”

அண்ணி கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாயில எதுவுமே தெரியலடி. வாசனையும் இல்ல. முதலாளியம்மாகிட்ட சொல்லிடாத. திரும்பத் தட்டு கழுவ அனுப்பிடுவாங்க.”

“நான் ருசி பாத்துச் சொல்றேன்.”

“நீயா? பச்சத்தண்ணியில சர்க்கரை போட்டாலும் பிரமாதம்னு சொல்ற ஆளு.”

முதல் டார்ட்டை முதலாளியம்மா தின்று பார்க்காமல் எதுவும் கடைக்குப் போகாது. வாயால் ஒன்றும் சொல்லமாட்டாள். புளிப்பு சரியாக விழுந்திருந்தால் அவளுடைய இடது கண் தானாக மூடும். மூடாவிட்டால் தட்டோடு குப்பைக்கு.

அண்ணி புதிதாகக் கூழ் கிளறினாள். கரண்டியின் முதுகில் படிந்ததை விரலால் தொட்டாள். நாக்குக்குக் கொண்டுபோகவில்லை. உதட்டைத் தூக்கி முன்பல்லில் தேய்த்தாள். தூரத்தில் யாரோ கூப்பிடுவதைக் கேட்பவள்போல நின்றாள்.

“என்ன அண்ணி, பல் விளக்குறீங்களா?”

“சும்மா இருடி. நாக்குதான் செத்துப்போச்சு. பல்லு கூசும்ல?”

இன்னும் கொஞ்சம் சாறு பிழிந்தாள். தேய்த்தாள். “கூசல.” மறுபடி பிழிந்தாள். தோள் வரை சிலிர்த்தது.

“கூசுது. இறக்கு.”

முதலாளியம்மா டார்ட்டைக் கடித்தாள். ஓடு நொறுங்கியது. மென்றாள். இரண்டு கண்களும் திறந்தே இருந்தன. அண்ணி மூட்டைப் பக்கம் நகர்ந்தாள். பிறகு இடது கண், உள்ளிருந்து யாரோ ஜன்னலைச் சாத்தியதுபோல, மெல்ல மூடியது.

“கடைக்கு எடுத்துட்டுப் போங்க.”

நாத்தனார் சட்டியின் ஓரத்தை வழித்துத் தன் முன்பல்லில் தேய்த்துக்கொண்டாள். ஒன்றுமில்லை. கண்ணை மூடிக் காத்திருந்தாள். வெகுநேரம் கழித்துப் பல்லின் வேரில் ஊசிமுனையளவு ஏதோ தொட்டுவிட்டுப் போனது. அவ்வளவுதான்.

இந்த ஊசிமுனையைப் பிடித்துக்கொண்டா அண்ணி சரியான புளிப்பு வரை போய்ச் சேர்ந்தாள்?

ஏதோ கேலி சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டு, சட்டியை மறுபடி வழித்தாள்.