தறி ஓடும்போது போன கரண்டு

எங்கள் வீட்டில் ஏழு மணி என்றால் சாமி வரும் நேரம். டிவியில்தான். அதற்குள் என் மாமியார் கை கால் கழுவி, திருநீறு பூசி உட்கார்ந்துவிடுவார். வடநாட்டு நடிகர்களின் வாய் ஒரு பக்கம் போகும், தமிழ் இன்னொரு பக்கம் வரும். அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. திரையில் சாமி தோன்றினால் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

"சாமி வந்திருக்கறப்ப தாளிக்காத கண்ணு, நெடி ஏறும்," என்பார்.

பனியன் கம்பெனியில் நாள் முழுக்க நின்று செக்கிங் பார்த்துவிட்டு, பஸ்ஸில் நசுங்கி எங்கள் ஊர் மங்கலத்துக்கு வந்து சேர்கிறவள் நான். தாளிப்பதற்குக்கூட சாமியிடம் அனுமதி வாங்க வேண்டுமா என்று எரிச்சலாக இருக்கும்.

போன வருடம் ஒரு புதுத் தொடர் ஆரம்பித்தது. பிள்ளை இல்லாத ராஜாவின் கதை. எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். இரண்டு தடவை கரு தங்காமல் போய், அப்போது ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். தனக்கொரு வாரிசு இல்லையே என்று ராஜா ஆரம்பித்தாரோ இல்லையோ, மாமியார் எழுந்து வாசல் பக்கம் போனார். லைட், ஃபேன், டிவி எல்லாம் ஒன்றாக நின்றன.

"கரண்டு போயிருச்சு கண்ணு," என்றார் இருட்டிலிருந்து.

பக்கத்துத் தறிக்கூடத்தில் விசைத்தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் கரண்டு போனால் முதலில் காதுக்குத்தான் தெரியும். ஆயுள் முழுக்க அந்தச் சத்தத்திலேயே இருந்தவருக்கு அது காதில் விழவே இல்லை போலிருக்கிறது. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவர் மாதிரி எனக்கு விசிறிவிட்டார்.

மறுநாளும் ராஜா அழுதார், மறுநாளும் கரண்டு போனது. மூன்றாம் நாளும் அப்படியே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரார் பேச்சையெல்லாம் தாங்குகிறவளுக்கு ஒரு டிவி ராஜாவின் அழுகையைத் தாங்க முடியாதா? நாலாம் நாள், யாகத் தீயிலிருந்து பாயசக் கிண்ணம் வரும் நேரத்தில் இருட்டானதும் கேட்டுவிட்டேன்.

"தறி ஓடுதுங்களே அத்தை."

விசிறிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"எனக்காக ஒண்ணும் நிறுத்த வேண்டாமுங்க. நான் தாங்கிக்குவேன்," என்றேன்.

"உனக்காக இல்ல கண்ணு," என்றார் மெதுவாக. "அந்த ராசாவுக்கு ஒரு கிண்ணம் பாயசத்துல புள்ள குடுத்த சாமி, நீ இத்தன ஊசி போட்டும் கண்ணத் தொறக்க மாட்டீங்குது. அதப் பாத்தா எனக்கு ஆங்காரம் வருது. கும்புட்ட வாயால எப்புடிக் கண்ணு வெய்யறது?"

என் துக்கம் என்னோடு என்றுதான் ஒன்பது வருடமும் நினைத்திருந்தேன். அதே துக்கத்தை இன்னொருவர் இதே வீட்டில், சாமியிடமே மறைத்து வைத்திருந்திருக்கிறார். அவர் மேல் அப்படியொரு பாசம் பொங்கியது. இருட்டில் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன்.

"வெய்யுங்க அத்தை. நானும் வெய்யறேன்."

தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தார். முதலில் சாமிக்கும் ஒரு 'ங்க' போட்டு, மரியாதையாகவே. அழுகை வந்ததும் அந்த மரியாதையும் போயிற்று. மாமியாரும் மருமகளும் கையைக் கோத்துக்கொண்டு, வாய் ஓயும்வரை சாமியைத் திட்டினோம்.