கத்தரிக்காய் ஆகாத சக்கரவர்த்தி

பகல் பதினொன்றரைக்குச் சேதி வந்தது. பாஞ்சாலை ராட்டையில் பட்டுநூல் சுற்றிக்கொண்டிருந்தாள். தறிக்கொட்டகையில் அவள் கணவர் சக்கரவர்த்தியோடு நெய்யும் தசரதன் மூச்சிரைக்க வாசலில் நின்றான்.

"அண்ணி, அண்ணனுக்கு மூஞ்சி வீங்கிகினு வருது. மூச்சு இழுக்குது. ஜல்தியா வாங்க!"

"கத்தரிக்கா துன்னாரா?" என்றுதான் அவள் முதலில் கேட்டாள். ஆரணியில் உடம்பு அரித்தால் கேட்கவேண்டிய கேள்வி அது.

பதினோரு வருடத்துக்கு முன், 1967இல், உடம்பில் முதல் தடிப்பு கண்டபோது சக்கரவர்த்தி கத்தரிக்காயை நிறுத்தினார். பிறகு கருவாட்டை, அதற்கும் பிறகு தக்காளியை. தடிப்பு மட்டும் நிற்கவில்லை. ஆனால் கல்யாணப் பந்தியில் அவர் உட்கார்ந்ததும், "சக்கரவர்த்தி குந்திகினாருடா, கத்தரிக்கா வாளிய அந்தாண்ட தூக்கு!" என்று குரல் எழும். அவரும் இரண்டு கையாலும் இலையை மூடிக்கொண்டு பக்கத்து இலைக்காரரைப் பார்த்துப் புன்னகைப்பார். பெயருக்கேற்ற மரியாதை அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு வாளியால்தான்.

அமாவாசையன்று உடம்பு அரிக்காது. அன்று தறிக்கு விடுமுறை. "ஆத்தா கருணை" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

இந்த முறை உள்ளூர் டாக்டரின் ஊசியில்தான் பிழைத்தார். "இன்னொரு தடவை தொண்டை அடைச்சா, என்கிட்ட வந்து சேர நேரம் இருக்காது" என்றார் டாக்டர். வாயில் போடுவதையெல்லாம் ஒரு மாதம் நோட்டில் எழுதச் சொன்னார். வேலூர் ஆஸ்பத்திரிக்கும் சீட்டு கொடுத்தார்.

சக்கரவர்த்தி முத்துமுத்தாக எழுதினார். காலை இட்லி. மதியம் சோறு, ரசம். இரவு கஞ்சி. வேலூர் டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார்.

"இவ்வளவுதானா? நடுவுல ஒண்ணும் சாப்பிடறதில்லையா?"

"இல்லீங்கம்மா."

பாஞ்சாலை எட்டி அவர் வேட்டி மடிப்பை உதறினாள். வறுத்த பட்டாணி தரையெங்கும் உருண்டோடியது.

"அது சாப்பாடா? பீடிய வுட்டதுலேர்ந்து தறியில குந்திகினு மென்னுகினு இருப்பேங்க. வாய்க்கு ஒரு வேல, அவ்ளோதான்."

"பீடியை எப்ப விட்டீங்க?"

"ஆச்சுங்க, பதினோரு வருசம்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு அவரையே பார்த்தார்.

எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, ஒவ்வொரு உணவின் சாற்றையும் முன்கையில் வரிசையாகச் சொட்டு விட்டு, ஊசிமுனையால் லேசாகக் குத்தினார்கள். கால் மணி நேரம் காத்திருந்தார்கள். கத்தரிக்காய்ச் சொட்டு சாதுவாகக் கிடந்தது. மீனும் தக்காளியும் அப்படியே. பட்டாணி வைத்த இடம் மட்டும் இலந்தைப்பழமாகப் புடைத்தது.

திரும்பும் பஸ்ஸில் கண்ணமங்கலம் தாண்டும்வரை அவர் முன்கைப் புடைப்பையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "தெருவுல சொல்லாத பாஞ்சால. போயும் போயும் பட்டாணியான்னு சிரிப்பானுங்க" என்றார்.

"சிரிக்கட்டுமே. மூச்சு இருந்தா நீயும் சேந்து சிரி."

அடுத்த முகூர்த்தத்தில் கத்தரிக்காய் வாளி வந்தது. இரண்டு கையும் தாமாகவே இலையை மூடின.

எந்த டாக்டரிடம் போனாலும் காட்டுவதற்கு, நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவைக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. பந்தி முடிந்து வீடு வந்ததும் பாஞ்சாலை பேனாவைத் திறந்து கொடுத்தாள். 'சக்கரவர்த்திக்குப் பட்டாணி' என்று எழுதியவர், பேனாவை வைத்துவிட்டு மடியைத் தடவிக்கொண்டார்.

'ஆகாது' இன்னும் எழுதப்படவில்லை.