மேல்பலகை

கடப்பாரை நுனியை இடுக்கில் விட்டு அழுத்தினான் அர்ஹீப். ஆவிக்குளியல் கொட்டிலில் போன வாரம் அவனே அறைந்த பைன் பலகை, முனகிக்கொண்டு கிளம்பியது.

அவன் மனைவி கபித்தலீனா சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எதுக்கு இந்தப் பாடு? நான் இனி உள்ள வரமாட்டேன்."

"இன்னிக்கு சனிக்கிழமை, கப்பா."

"போன வாரமும் சனிக்கிழமைதான். என் முதுகத் தோலோட உரிச்சு எடுத்தியே."

அவன் அடுத்த இடுக்கில் கடப்பாரையை விட்டான்.

எங்கள் ஊரில் படுக்கும் மேல்பலகைக்கு லிண்டன் மரம்தான். அதில் பிசின் இல்லை. எவ்வளவு ஆவியிலும் உடம்பைச் சுடாது. பழைய பலகை இற்றுப்போனபோது அர்ஹீப் மர அறுவை ஆலையில் இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தான். கைக்குக் கிடைத்தது பைன். சூட்டில் பிசின் உருகித் தோலில் ஒட்டிச் சுடும் என்று அவனுக்குத் தெரியும். அலுப்பு.

முப்பது வருடம் பண்ணையில் பால் கறந்து வளைந்த முதுகு அவளுடையது. சனிக்கிழமை ஆவி பட்டால்தான் மல்லாந்து படுக்க முடியும். இந்த வாரம் முழுக்க மேசையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்தே தூங்கினாள்.

ஆலையிலும் பைன்தான் இருந்தது. புதிதாக வெட்டிய லிண்டன் முறுக்கிக்கொள்ளும். அர்ஹீப் வீட்டுக்குள் போய், அடுப்போரம் தான் படுக்கும் பலகையிலிருந்து மெத்தையைச் சுருட்டினான். அவன் அப்பா போட்டது. காய்ந்த லிண்டன்.

"நீ எங்க படுப்ப?"

"குதிர மாதிரி நின்னுக்கிட்டே தூங்குவேன். ஆலையில பழகிருச்சு."

அளந்து அறுத்தான். ஆணி சூடேறும் என்பதால் மரக்குச்சிகளை அடித்து இறுக்கினான். அவள் பலகையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"மொதல்ல நீ படு."

கொட்டில் அடுப்பில் காய்ந்த கல்லில் தண்ணீர் சீறியது. வெறும் முதுகோடு படுத்தான். அவள் வாசலில் நின்று காத்திருந்தாள்.

"யோவ், செத்துட்டியா?"

குறட்டை கேட்டது.

அவனை உலுக்கி எழுப்பித் திருப்பி முதுகைப் பார்த்தாள். வேர்வை மட்டும்தான். சால்வையை அவிழ்த்தாள்.

"தள்ளு. பிர்ச் இலைக் கொத்த எடு. முதுகுல மெதுவா அடி, புண்ணு இருக்கு."

மறுநாள் ஞாயிறு. பண்ணை மாடுகள் கத்தும்வரை கபித்தலீனா மல்லாந்து தூங்கினாள். அர்ஹீப் தரையில் ஆட்டுத்தோல் கோட்டை விரித்துப் படுத்திருந்தான். எழும்போது இடுப்பு பிடித்திருந்தது. பைன் பலகையைப் பிளந்து அடுப்பில் வைத்தான். புகைந்தது. கஞ்சி குடித்தான். மதிய ஷிப்டுக்கு ஆலைக்குப் போனான்.