வெள்ளை அடுக்கு

ஆய்வகத்தில் அவளுக்குத் ‘தராசு’ என்று பட்டப்பெயர். ரத்தம் அடைத்த கண்ணாடிக் குழாய்களைச் சுற்றவிடும் இயந்திரத்தில் ஒரு குழாயை வைத்தால், நேர் எதிர்க்குழியில் அதே எடையில் இன்னொன்று இருக்க வேண்டும். துணைக்கு வேறு ரத்தம் இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய குழாய். எடை பிசகினால், வேகமெடுக்கும்போது இயந்திரம் கிடுகிடுவென்று ஆடி மேசையை விட்டே நகரும். மற்றவர்கள் கண்மதிப்பில் வைப்பார்கள். அவள் பத்தொன்பது வருடமாக எடைபோட்டுத்தான் வைத்தாள்.

அவள் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். மூன்று வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. "வயசாகுதுல்ல" என்று சமாளித்துக்கொண்டிருந்தவரை ஒரு செவ்வாய்க்கிழமை காலை விடாப்பிடியாக இழுத்து வந்தாள். ஊசி ஏறும்போது, "பாத்து எடும்மா, வீட்டுல நீ உறிஞ்சினது போக மிச்சந்தான் இருக்கு" என்றார். பக்கத்து மேசைப் பெண் சிரித்துவிட்டாள்.

அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, குழாயை எடைபோட்டு, எதிரில் தண்ணீர்க் குழாய் வைத்து மூடியைப் பூட்டினாள். நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்று. அந்தச் சுழற்சியில் கனமான சிவப்பணுக்கள் குழாயின் அடிக்குப் போய்ச் சேரும். மஞ்சள் நீர் மேலே நிற்கும். இரண்டுக்கும் நடுவே வெள்ளையணுக்கள் நூல் கனத்துக்குப் படியும். கால் மணி நேரம் கழித்து வேகம் தணிந்தது. நிற்பதற்குச் சற்று முன், ஒரு குறிப்பிட்ட வேகத்தைக் கடக்கையில், வழக்கம்போல ஒருமுறை நடுங்கி அடங்கியது.

குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளை அடுக்கு சுண்டுவிரல் கனத்துக்கு நின்றது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

மறுபடி எடைபோட்டாள். மறுபடி சுற்றவிட்டாள். இயந்திரத்தின் மேல் பழி போட ஏதாவது கிடைக்காதா என்று இருந்தது. அதே அடுக்கு.

டாக்டர் பார்த்துவிட்டு, "ரத்தத்தைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அவர்கிட்ட எதுவும் சொல்ல வேண்டாம்" என்றார்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டார் கணவர்.

"மிஷின்ல கோளாறு."

முடிவு வர நான்கு நாள் ஆனது. காய்ச்சல் விட்ட நேரங்களில் அவர் வேனைக் கழுவினார். மகளோடு சீட்டாடி, கள்ள ஆட்டம் ஆடி மாட்டிக்கொண்டார். "நீயும் வா, ஒரு கை குறையுது" என்று கூப்பிட்டபோதெல்லாம் அவள் துணி மடிக்க வேண்டும், தலைவலி என்று ஒதுங்கினாள். அவர் முகத்தைப் பார்த்தால் உடைந்துவிடுவோம் என்று பயம்.

சனிக்கிழமை டாக்டர் சொன்னார். ரத்தப் புற்றுநோய்.

ஏழாவது மாதம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுருண்டு கிடந்தவர் கேட்டார்: "அன்னிக்கே உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"கோபமெல்லாம் இல்ல. அந்த நாலு நாள் எனக்கு நல்லாத்தான் போச்சு. ஆனா நீ ஏன் பக்கத்துலயே வரல? நான் என்ன தப்பு செஞ்சேன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

அவள் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதிலிருந்து ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார்.

வேறு பிரிவு தருகிறேன் என்று டாக்டர் சொன்னதை மறுத்து, அதே மேசைக்குத் திரும்பினாள். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். தினமும் போனில், "சாப்பிட்டியாம்மா?" என்பாள். "ஆச்சுடி" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் ஒரு நாள், "இல்லடி. சமைக்கவே தோணல. மதியத்துலேர்ந்து அழுதுகிட்டு இருக்கேன்" என்றாள்.

மகள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. போனையும் வைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.