கெண்டை முள்

என் வீட்டுக்காரர் செத்த மூன்றாம் நாள், அவருடைய சாம்பல் கலயத்தைத் துணிக்கடைப் பையில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு ஒகேனக்கல் பஸ்ஸில் போனேன். பொம்பளை இதற்கெல்லாம் போகக் கூடாது என்றார்கள். இருபத்தாறு வருஷம் சோறு போட்டவள், கொண்டுபோய்க் கரைக்க மட்டும் ஆகாதவளா? போங்கய்யா என்று கிளம்பிவிட்டேன். கூட வந்தது கொழுந்தனார் மட்டும்.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பாடையைத் தூக்கும்போதும் வரவில்லை. "கல்லாட்டம் நிக்கிறா பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எனக்கே பயமாக இருந்தது, இந்த மனுஷனுக்காக அழாமலே இருந்துவிடுவேனோ என்று.

இறங்கினால் ஆற்றுப் பக்கமே விடவில்லை. கர்நாடகாவில் அணையைத் திறந்துவிட்டார்களாம். பரிசல் இல்லை, குளியல் இல்லை, வழியெல்லாம் போலீஸ். காவிரியில் கரைத்தால்தான் போகிற இடம் போய்ச் சேருவார் என்று மாமியார் சொல்லி அனுப்பியிருந்தார். அப்படி ஓர் இடம் இருக்கிறதா, எனக்குத் தெரியாது. நானும் சாமி கும்பிடுகிறவள்தான். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கும்பிட்டும் பார்த்தேன். செம்மண் நிறத் தண்ணீர் ஒரு மரத்தை வேரோடு உருட்டிக்கொண்டு போனது. அதற்கு அந்த மரமும் ஒன்று, நானும் ஒன்று என்று தோன்றியது. அதில்கூட வருத்தமில்லை.

கொழுந்தனார் போலீஸிடம் கெஞ்சப் போனார். திறந்திருந்த ஒரே மீன் கடை வாசலில் உட்கார்ந்தேன்.

"ஆளே வரலீங்கக்கா. மசாலா தடவுனது கெட்டுத்தான் போவும். சாப்புடுங்க, மூஞ்சியே வாடிக் கெடக்குது" என்று கடைக்காரம்மா இலைத்துண்டில் பொரித்த கெண்டையை நீட்டினாள். பையில் இருப்பது அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்த நான்தான் வேண்டாம் என்றிருக்க வேண்டும். பதினாறாம் நாள் முடியும்வரை கவிச்சி ஆகாது. ஆனால் கை தானாகப் போயிற்று.

இரண்டாவது வாயில் முள் தொண்டையில் குத்தியது. எனக்கு முள் பார்க்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமையானால் அவர்தான் முள்ளை எடுத்து எடுத்துச் சதையை என் தட்டில் வைப்பார். "ஒரு மீனு திங்கத் தெரியல, நீயெல்லாம் டீச்சரு" என்பார். இருமினேன். கடைக்காரம்மா ஓடிவந்து வெறுஞ்சோற்றை உருட்டிக் கொடுத்து விழுங்க வைத்தாள்.

அதற்குள் கொழுந்தனார் வந்துவிட்டார். "அண்ணி! அண்ணன் சாம்பல மடியில வெச்சிக்கிட்டு மீனா?"

கடைக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ சாமி, தெரியாம குடுத்துட்டனே! பாவம் என்னையில்ல புடிக்கும்!"

"ஒரு பாவமும் புடிக்காது. பசிச்சுது, தின்னேன். இலைய அப்படியே வெச்சிரு, வந்து மிச்சத்தையும் திங்கறேன்" என்றேன்.

மேல்படியில் நின்று கரைக்க ஒருத்தரை மட்டும் விடுவதாகப் போலீஸ்காரர் சொல்லியிருந்தார். "மீனு தின்ன கையிங்க அண்ணி. குடுங்க, நான் போறன்" என்றார் கொழுந்தனார்.

"உங்க அண்ணன் கையில மீனு வாசமில்லாத ஞாயித்துக்கெழம இருந்துச்சா? நகருங்க."

நானே போனேன், கவிழ்த்தேன். கண் மூடித் திறப்பதற்குள் ஒன்றுமில்லை. அப்போதும் அழுகை வரவில்லை.

கடைக்குத் திரும்பினேன். கடைக்காரம்மா என் இலையின் முன்னால் குந்தியிருந்தாள். மிச்ச மீனை உதிர்த்து, முள்ளையெல்லாம் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தாள். சதையை மட்டும் என் பக்கம் நகர்த்தினாள்.

"முள்ளு பூரா எடுத்துட்டங்கக்கா."

அந்த இலை மேலேயே குனிந்து ஓவென்று அழுதேன்.